75 வாட்டா? 80 வாட்டா? – ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் ஓர் ஒப்பாய்வு



கல்லூரி விட்டதும் மாலை நேரத்தில் ஒரு டி.வி., ஆடியோ சர்வீஸ் கடையில் நான் உதவிக்கு இருக்கிறேன். அங்கே அடிக்கடி வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற மாதம் ஒரு காகிதத்துடன் வந்தார். அவருடைய மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் கொண்டுவரப் போகிறாராம். காகிதத்தில் டெனான் கம்பெனியின் இரண்டு மாடல் பெயர்கள் இருந்தன. ஒன்று ஏ.வி.ஆர். எஸ்-760எச். மற்றொன்று ஏ.வி.ஆர். எக்ஸ்-1700எச். இரண்டும் 2021-இல் வெளிவந்தவை. இப்போது மிச்சமிருக்கும் சரக்காக விலை குறைத்துக் கிடைக்கின்றனவாம். முதலாவது பெரிய சங்கிலிக் கடை ஒன்றில், இரண்டாவது ஆடியோ மட்டுமே விற்கும் கடை ஒன்றில். இரண்டாவதற்கு விலை அதிகம்.

“நீ டிப்ளமா படிக்கிற பையன். எது தம்பி நல்லது?” என்று என்னைத்தான் கேட்டார். காகிதத்தைப் பார்த்தேன். ஒன்றில் 75 வாட், மற்றொன்றில் 80 வாட். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “80 வாட்தான் சார் பெஸ்ட். கூடக் கொடுத்தாலும் அதையே வாங்கச் சொல்லுங்க” என்றேன். அவரும் சந்தோஷமாகப் போய்விட்டார்.

கடை அண்ணன் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, “அந்த அஞ்சு வாட்டை நீ காதால கேட்டிருக்கியா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. “என்னைக் கேக்காம உன்னைக் கேட்டாரு பாத்தியா? படிச்ச பையன்னு நம்பித்தான் கேட்டாரு” என்று சொல்லிவிட்டு மறுபடி வேலையில் குனிந்துகொண்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் ஒரு வாரம் இரண்டு செட்டுகளின் விவரத் தாள்களையும் கையேடுகளையும் எடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். அதில் தெரிந்துகொண்டதே இக்கட்டுரை.

ரிசீவர் என்பது யாது?

ஏ.வி. ரிசீவர் என்பது ஒரே பெட்டிக்குள் அடங்கிய நான்கு கருவிகள் எனலாம். முதலாவது, செட்டாப் பாக்ஸ், விளையாட்டுக் கருவி முதலியவற்றிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் படத்தையும் ஒலியையும் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச். இரண்டாவது, டால்பி, டி.டி.எஸ். ஒலியைத் தனித்தனிச் சேனல்களாகப் பிரிக்கும் டிஜிட்டல் பகுதி. மூன்றாவது, பவர் ஆம்பிளிபயர்கள். நான்காவது, நமக்கு நன்றாகத் தெரிந்த ரேடியோ டியூனர். 7.2 என்று போட்டிருந்தால் 7 ஸ்பீக்கர் சேனல்களும், இரண்டு சப்-ஊபருக்கான வெளியீடுகளும் உண்டு என்று பொருள்.

ஒரே கம்பெனி, பல வரிசைகள்

அமெரிக்கச் சந்தையில் ஒரே கம்பெனி ஏறக்குறைய ஒரே சரக்கை வெவ்வேறு பெயர் வரிசைகளில் விற்பது பழைய வழக்கம். டெனானில் “எஸ்” வரிசை பெரும்பாலும் பெரிய கடைகளுக்கு. “எக்ஸ்” வரிசை ஆடியோ சிறப்புக் கடைகளுக்கு. யமஹாவில் ஆர்.எக்ஸ்.-வி என்பது பொது வரிசை. டி.எஸ்.ஆர். என்பது கோஸ்ட்கோ போன்ற கிடங்குக் கடைகளில் அதிகம் காணப்பட்ட வரிசை. 2020-இல் வந்த ஆர்.எக்ஸ்.-வி6ஏ, டி.எஸ்.ஆர்.-700 ஆகிய இரண்டும் சேனலுக்கு 100 வாட் என்று குறிக்கப்பட்ட உடன்பிறப்புகளே. சோனியில் சாதாரண வரிசைக்கு மேலே “ஈ.எஸ்.” என்ற வரிசை உண்டு. இது பெரும்பாலும் வீட்டில் வந்து பொருத்திக் கொடுக்கும் சிறப்பு விற்பனையாளர்கள் வழியாக விற்கப்படுவது. அதற்கு அமெரிக்காவில் 5 ஆண்டு உத்தரவாதம். பயனியருக்கு “எலீட்”, ஆன்கியோவுக்கு “இன்டெக்ரா” என்று இப்படியே போகும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? இதற்கு மூன்று காரணங்கள் எனக்குப் புலப்படுகின்றன.

முதலாவது விலைப் போட்டி. “இதே மாடல் வேறு கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அந்த விலைக்கே தருகிறோம்” என்று பெரிய கடைகள் வாக்குறுதி தருகின்றன. ஆனால் மாடல் எண் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டியின் மேல் ஓர் எழுத்து மாறினாலும் அந்த வாக்குறுதி செல்லாது.

இரண்டாவது சிறு கடைகளைக் காப்பது. சிறப்புக் கடைக்காரர் வாடிக்கையாளரை உட்கார வைத்து ஒலியைப் போட்டுக் காட்டி, வீட்டுக்கு வந்து வயரும் இழுத்துத் தருகிறார். அதற்கு நேரமும் செலவும் ஆகிறது. அதே பெட்டி பக்கத்துப் பெரிய கடையில் மலிவாக அடுக்கியிருந்தால் ஆட்கள் இவரிடம் கேட்டுவிட்டு அங்கே போய் வாங்குவார்கள். இவருக்கென்று ஒரு தனி வரிசை இருந்தால்தான் பிழைப்பார்.

மூன்றாவது உற்பத்திச் செலவு. சேசிஸ், டிரான்ஸ்பார்மர், எச்.டி.எம்.ஐ. போர்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் தயாரித்து, முன்பலகையையும் மென்பொருளையும் மட்டும் மாற்றினால் ஒரே செலவில் இரண்டு சரக்கு.

ஆகவே இதை முழுக்க ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வாங்குபவர் கணக்குப் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இல்லாத வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பார். அல்லது இருக்கிற வித்தியாசத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவார்.

5 வாட்டின் மதிப்பு என்ன?

நம் முதலாண்டுப் பாடத்திலேயே வந்த சூத்திரம்தான். இரண்டு பவர்களின் விகிதத்தை டெசிபலாக்க, லாக் எடுத்து 10-ஆல் பெருக்க வேண்டும். 80-ஐ 75-ஆல் வகுத்தால் 1.067. அதன் லாக் 0.028. பத்தால் பெருக்கினால் 0.28 டெசிபல். சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது மனிதக் காது கவனிக்கக்கூடிய ஒலி வித்தியாசம் சுமார் 1 டெசிபல் என்பார்கள். நான் ஆசிரியரிடம் பெரிதாகச் சொன்ன வித்தியாசம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

75 வாட்டைவிட 1 டெசிபல் கூட்ட 94 வாட் வேண்டும். 3 டெசிபல் கூட்ட 150 வாட். ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்கு 750 வாட் ஆகும். வாட் எண் ஏணிபோல் ஏறினாலும் காது அப்படி ஏறுவதில்லை.

இதற்கு நேர்மாறாக ஸ்பீக்கரைப் பாருங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 87 டெசிபல் தரும். வேறொன்று 90 தரும். இந்த 3 டெசிபல், ஆம்பிளிபயரின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம். ரிசீவரில் 5 வாட்டுக்குக் கூடுதல் பணம் போடுவதைவிட அதே பணத்தை ஸ்பீக்கரில் போடுவதே புத்திசாலித்தனம்.

ஒரே செட் – 80 வாட், 145 வாட்!

இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம். அமெரிக்க விவரத் தாளில் 80 வாட் என்றிருக்கும் அதே எக்ஸ்-1700எச், ஐரோப்பிய விவரத் தாளில் 145 வாட்! செட் மாறிவிட்டதா? இல்லை. அளந்த விதம் மாறிவிட்டது.

80 வாட் என்பது 8 ஓம் லோடில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீத டிஸ்டார்ஷனுக்குள், இரண்டு சேனல்களை ஓட்டி அளந்தது. 145 வாட் என்பது 6 ஓம் லோடில், 1 கிலோஹெர்ட்ஸ் ஒன்றில் மட்டும், 1 சதவீத டிஸ்டார்ஷன் வரை விட்டு, ஒரே சேனலை ஓட்டி அளந்தது.

இதை வோல்டேஜாக மாற்றிப் பார்த்தால் மாயம் விலகும். 80 வாட்டை 8 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 25.3 வோல்ட். 145 வாட்டை 6 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 29.5 வோல்ட். எண் 80-இலிருந்து 145-க்குத் தாவினாலும், வெளியே வரும் வோல்டேஜ் 4 வோல்ட் சொச்சம்தான் கூடியிருக்கிறது. அந்த 4 வோல்ட்டும் எப்படி வந்தது? ஒரே சேனல் ஓடும்போது பவர் சப்ளையின் வோல்டேஜ் அவ்வளவாகத் தொய்வதில்லை; டிஸ்டார்ஷனையும் தாராளமாக விட்டுவிட்டார்கள். மீதி உயர்வெல்லாம் லோடு 8-இலிருந்து 6 ஓமாகக் குறைந்ததால் வந்த கணக்கு.

ஆகவே நண்பர்களே, வாட் எண்ணை மட்டும் தனியே பார்க்கவே கூடாது. எத்தனை ஓம், எந்த அலைவரிசை, எவ்வளவு டிஸ்டார்ஷன், எத்தனை சேனல் என்ற நான்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். நான்கும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு எண்களை ஒப்பிடலாம். இந்த வாட் குழப்பத்துக்காகவே அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1974-இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் என்று அளவு முறையையும் நிர்ணயித்தது. ஐம்பது வருஷமாக ஓடும் சண்டை இது!

இன்னொரு எச்சரிக்கை. பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் மின் செலவு வாட்டை வைத்து ஆம்பிளிபயரின் பலத்தை அளக்க நினைப்பவர்கள் உண்டு. நானும் நினைத்தேன். அந்த எண் வழக்கமாக முழு பவரில் எடுத்ததல்ல. பாதுகாப்புத் தர விதிப்படி எட்டில் ஒரு பங்கு பவரில் ஓட்டி எடுத்தது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

உண்மையான வித்தியாசம் எங்கே?

இரண்டு டெனான் செட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் 7.2 சேனல். இரண்டிலும் ஆறு எச்.டி.எம்.ஐ. உள்ளீடு, ஒரு வெளியீடு. உள்ளீடுகளில் மூன்று 8-கே படத்தை ஏற்பவை. இரண்டின் எடையும் 8.6 கிலோ. ரிசீவரில் அதிக எடை டிரான்ஸ்பார்மரும் ஹீட் சிங்க்கும்தான். எடை ஒன்றென்றால் உள்ளே பெரிய மாற்றமில்லை என்று ஊகிக்கலாம்.

மாறுவது அறைத் திருத்தம். பெட்டியுடன் வரும் சிறு மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால், செட் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சோதனை ஒலியை எழுப்பும். அது சுவரில் மோதி வருவதையும் சேர்த்து அளந்து, தூரம், ஒலி அளவு, ஏற்ற இறக்கம் ஆகியவற்றைத் தானே சரிசெய்துகொள்ளும். எஸ்-760எச்-இல் இருப்பது ஆடிஸி மல்டி-ஈக்யூ. இது 6 இடங்கள் வரை அளக்கும். எக்ஸ்-1700எச்-இல் இருப்பது மல்டி-ஈக்யூ எக்ஸ்.டி. இது 8 இடங்கள் வரை அளக்கும். முன், பக்க ஸ்பீக்கர்களுக்கான பில்டர்களும் நுணுக்கமானவை. நம் வீடுகளைப் போல் சிமெண்ட் சுவரும் மொசைக் தரையுமாக எதிரொலிக்கும் அறையில் இது காதுக்குத் தெரியக்கூடிய வித்தியாசம். அதிகப் பணம் கொடுப்பதற்கு ஒரு நியாயம் உண்டென்றால் இதுதான். 5 வாட் அல்ல. எனக்கோ பெரிய எழுத்தில் போட்ட வாட்தான் கண்ணில் பட்டது. சிறிய எழுத்தில் இருந்த இது படவில்லை.

அடுத்தது உத்தரவாதம். எத்தனை வருடம், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால்தான் செல்லுமா, எந்த நாட்டில் செல்லும் என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே நோய்

இந்த வரிசைகள் உள்ளுக்குள் ஒன்றே என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் “சி-டி” என்ற கணினிப் பத்திரிகை ஒரு குறையை வெளியிட்டது. அவ்வருட ரிசீவர்களில் இருந்த ஒரு எச்.டி.எம்.ஐ. சிப், எக்ஸ்-பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்ற கருவிகளிலிருந்து வரும் 4-கே, 120 ஹெர்ட்ஸ் படத்தைச் சரியாகக் கடத்தவில்லை, திரை கறுத்துவிட்டது. டெனானில் மலிவு வரிசையின் எஸ்-960எச்-சும் சரி, மேல் வரிசையின் எக்ஸ்-2700எச்-சும் சரி, இரண்டுமே அந்தப் பட்டியலில் இருந்தன. யமஹாவிலும் ஆர்.எக்ஸ்.-வி6ஏ, டி.எஸ்.ஆர்.-700 இரண்டுக்கும் அதே கதிதான். டெனான் 2021-இல் வெளியே பொருத்தும் ஒரு சிறு பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. யமஹா போர்டையே இலவசமாக மாற்றிக் கொடுக்க முன்வந்தது.

அதிக விலை கொடுத்தவருக்கும் குறைந்த விலை கொடுத்தவருக்கும் ஒரே கறுப்புத் திரை! முன்பலகை வேறு, போர்டு ஒன்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. சர்வீஸ் வேலைக்குப் போகவிருக்கும் நமக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு மாடலின் சர்க்யூட் கிடைக்காதபோது அதன் உடன்பிறப்பின் சர்க்யூட்டைத் தேடிப் பார்க்கலாம். பெரும்பகுதி பொருந்தும்.

120 வோல்ட் விவகாரம்

ஒப்பீட்டை முடித்துவிட்டேன் என்று கடை அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். கடைசியில், “எல்லாம் சரி. இதை இங்க எந்தப் பிளக்குல சொருகுவ?” என்றார். இடி விழுந்தாற்போல் இருந்தது. அமெரிக்க செட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் பியூஸ் போகும். அதோடு பவர் சப்ளையும் போகலாம்.

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் அது வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. டிரான்ஸ்பார்மர் சூத்திரப்படி கோர் பிளக்ஸ், வோல்டேஜை அலைவெண்ணால் வகுத்ததற்கு விகிதமாக வரும். 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 2.4, அதாவது பிளக்ஸ் 20 சதவீதம் கூடுகிறது. கோர் சாச்சுரேஷனை நெருங்கினால் சூடும் உறுமலும் வரும். 110 வோல்ட் கொடுத்தால் 2.2, பத்து சதவீதம்தான் கூடுதல். இத்தோடு டிரான்ஸ்பார்மர் விலை, அதன் எடை, இங்கே செல்லாத உத்தரவாதம் எல்லாவற்றையும் கூட்டினால் அங்கே மிச்சம் பிடித்த பணம் இங்கே கரைந்துவிடும்.

ஒப்பிடும் முறை – சுருக்கம்

1. இரண்டு மாடல்களின் முழுக் கையேட்டையும் எடுக்கவும். கடை அட்டையில் உள்ளதை நம்ப வேண்டாம்.

2. வாட் எண்ணை அதன் நான்கு நிபந்தனைகளோடு எழுதி, டெசிபலாக மாற்றவும். 1 டெசிபலுக்குக் கீழே என்றால் அந்த வரியை அடித்துவிடவும்.

3. பின்பக்கப் படத்தை வைத்துச் சாக்கெட்டுகளை எண்ணவும். நமக்கு வேண்டியது எதில் இல்லை என்று பார்க்கவும்.

4. அறைத் திருத்தம் எந்தப் படி என்று பார்க்கவும்.

5. எடை, அளவு ஒன்றா என்று பார்க்கவும்.

6. உத்தரவாதம், வோல்டேஜ் இரண்டையும் கடைசியாக அல்ல, முதலிலேயே பார்க்கவும். நான் கடைசியில் பார்த்ததால் சொல்கிறேன்!

முடிவுரை

மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். “சார், அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே 230 வோல்ட்டுக்கென்று விற்கும் செட்டை, இங்கே செல்லும் உத்தரவாதத்தோடு வாங்குவதே நல்லது. மகன் கொடுக்க நினைக்கும் பணத்தில் மிச்சத்தை ஸ்பீக்கருக்குப் போடலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “தெரியாம சொல்றதுக்கு ஆளு நிறைய பேரு இருக்காங்க தம்பி. திரும்பி வந்து தப்புன்னு சொல்ல யாரு வர்றா?” என்றார். மகனுக்கு அன்றே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் மிக்சி வாங்கியபோது கடைக்காரர், “இது வாட் ஜாஸ்திம்மா” என்றார். அம்மா அதையே வாங்கினார். கேள்வி கேட்க எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் படித்திருக்கவில்லை. வாட் என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று ஆசிரியரிடம் அந்தக் கடைக்காரர் பேசியதுபோலவே பேசினேன் என்பதுதான் எனக்குச் சுருக்கென்றது.

நண்பர்களே! நாளை நம் ஊரில், நம் தெருவில், “நீ படிச்ச பிள்ளை, எது நல்லது சொல்லு” என்று நம்மையும் கேட்பார்கள். கேட்பவர் கையில் இருப்பது பல மாதச் சேமிப்பாக இருக்கும். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாமல், “ஒரு நாள் டைம் கொடுங்க, பாத்துச் சொல்றேன்” என்று சொல்லப் பழகுவோம். கால்குலேட்டரில் லாக் பட்டன் பரீட்சைக்கு மட்டும் இல்லை.



– மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு